பெயர் மட்டும் மருந்தாகுமா?

படர்தாமரைக்குச் சீமை அகத்தி இலை நல்லது என்று பெரியவர்கள் கூறக் கேட்டிருப்பீர்கள். வண்டுகொல்லி என்றும் பெயருள்ள இச்செடி, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஈரமான இடங்களில் தானே வளர்கிறது. இதன் இலையிலுள்ள கிரைசோபனால் போன்ற பொருள்களுக்குப் பூஞ்சையைத் தடுக்கும் ஆற்றல் உண்டு. ஆகவே பெரியவர்கள் கூற்று உண்மையே. ஆனால் பாதி உண்மை.

கிரைசோபனால் நீரில் கரைவது மிகக் குறைவு, ஆல்கஹாலில் கரையும். எனவே ஒரே இலையின் நீர்ச்சாறும் ஆல்கஹால் சாறும் ஒன்றாகா. இலையின் வயது, பறித்த பருவம், உலர்த்திய விதம் ஆகியவையும் வீரியத்தை மாற்றும்.

சோதனையிலும் கவனம் தேவை. பூஞ்சை வளரும் அகார் தட்டில் சாற்றை இட்டு, அதைச் சுற்றிப் பூஞ்சை வளராத வட்டத்தை அளப்பர். இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இங்கே ஓர் ஐயம் எழுகிறது. வட்டத்தின் அகலம் வீரியத்தை மட்டுமா காட்டுகிறது? பொருள் அகாரில் விரவும் வேகத்தையும் சேர்த்தல்லவா காட்டுகிறது! மெதுவாக விரவும் நல்ல மருந்தும் சிறிய வட்டமே தரக்கூடும்.

அளவறியாத சாற்றை நம்பிக் காத்திருந்தால், படர்தாமரை துண்டின் வழியே தம்பி தங்கைக்கும் பரவும். எனவே மூலிகையை யாரேனும் புகழ்ந்தால் மறுக்கவும் வேண்டாம், உடனே ஏற்கவும் வேண்டாம். எந்தப் பகுதி, எதில் கரைத்தது, எவ்வளவு அடர்வு, எந்தப் பூஞ்சை என்று கேளுங்கள். அந்த நான்கு விடைகளும் சேர்ந்தால்தான் அது அறிவியல்.