தோற்ற கலவைக்கு ஒரு வாக்காளர்

இந்த வாரம் பத்தியாளரை எரிச்சலூட்டியது ஒரு காணொளி. தலைப்பு: 'கரும்பொருள் மர்மம் உடைந்தது!' உள்ளே போனால், அரிசோனாவில் இயங்கும் டெசி ஆய்வு 2025இல் சொன்ன நியூட்ரினோ செய்திதான். மூன்று வகை நியூட்ரினோக்களின் நிறையைக் கூட்டினாலும் 0.064 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டாதாம். கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் உணரப்படும் கரும்பொருளின் மர்மம் அப்படியே இருக்கிறது.

ஜெயித்த கொள்கைக்கு மாலை போடுகிறவர்கள் தோற்றதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பது இந்தப் பத்தியின் பழைய புலம்பல். வழக்கமான வாசகர்கள் பொறுத்தருள்க. இம்முறை வாய்ப்பு 'கலப்புக் கரும்பொருளு'க்கு.

1980இல் மாஸ்கோவில் லியுபிமோவ் குழு, நியூட்ரினோவுக்குச் சுமார் 30 எலக்ட்ரான் வோல்ட் நிறை இருப்பதாக அறிவித்தது. அது பின்னர் பொய்த்துப்போனது. ஆனால் அந்த அறிவிப்பு கிளப்பிய ஆசை பெரிது: கரும்பொருள் முழுவதும் நியூட்ரினோதானோ? 1983இல் வைட், ஃப்ரெங்க், டேவிஸ் மூவரும் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். சரிவரவில்லை. நியூட்ரினோக்கள் படுவேகமானவை, சிறு திரட்சிகளில் தங்காமல் ஓடி அவற்றை அழித்துவிடும்.

மெதுவாக நகரும் குளிர் கரும்பொருள் மேடைக்கு வந்தது. 1992இல் கோபி விண்கலம், பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சில் லட்சத்தில் ஒரு பங்கு அளவிலான ஏற்ற இறக்கத்தைக் கண்டது. அதை வைத்துக் கணக்கிட்டால் குளிர்ப் பொருள் மட்டும் உள்ள பிரபஞ்சம், சிறு அளவுகளில் மிதமிஞ்சித் திரண்டுவிடுகிறது. கொஞ்சம் நியூட்ரினோவைக் கலந்தால்? கிளிபின், ஹோல்ட்ஸ்மன், பிரைமாக் முதலானோர் 60 சதவீதம் குளிர்ப் பொருள், 30 நியூட்ரினோ, 10 சாதாரணப் பொருள் என்று கலந்தார்கள்.

கணக்கின் அழகு இங்கேதான். முழுக்கக் குளிர்ப் பொருள் என்றால், பிரபஞ்சம் ஆயிரம் மடங்கு விரியும்போது அடர்த்தி வேறுபாடும் ஆயிரம் மடங்கு வளரும். 30 சதவீதம் நியூட்ரினோ சேர்ந்தால் சிறு அளவுகளில் ஏறக்குறைய 260 மடங்குதான். கூட்டுவட்டியில் விகிதம் சற்றே இறங்கினாலும் முதிர்வுத் தொகை பாதாளத்துக்குப் போகுமே, அதே கதை. நியூட்ரினோ பிரபஞ்சத்தின் எடையில் பங்கு கேட்கும். திரட்டும் வேலைக்கு மட்டும் வராது!

இந்தச் சோம்பலே வினையாயிற்று. தொலைதூரக் குவாசர்களின் ஒளியில் தெரிந்த ஹைட்ரஜன் மேகங்கள் அவ்வளவு சீக்கிரம் உருவாக இந்தக் கலவையில் வழியில்லை. 30ஐ 20 ஆக்கிப் பார்த்தார்கள். 1998இல் விரிவு வேகமெடுக்கிறது என்று சூப்பர்நோவாக்கள் காட்டியதும், பிரபஞ்சத்தில் பொருளே சுமார் 30 சதவீதம்தான் என்றாயிற்று. பொருள் குறைந்ததில் மிதமிஞ்சிய திரட்சிச் சிக்கலும் தணிய, கலவைக்குத் தேவையில்லாமல் போனது.

அதற்காகக் கணக்கைத் தூக்கி எறியவில்லை. விண்மீன் மண்டலங்களின் பரவலிலிருந்து நியூட்ரினோவை எடைபோட உதவும் தடயங்களில் ஒன்று, அதே வளர்ச்சிக் குறைவுதான். நியூட்ரினோ அலைவுச் சோதனைகளின்படி மூன்று வகைகளின் கூட்டு நிறை 0.06 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகிலாவது இருந்தாக வேண்டும். அப்படியானால் மொத்தப் பொருளில் அவற்றின் பங்கு அரை சதவீதத்தை ஒட்டி வரும். அந்த மட்டில், நாம் குடியிருப்பது கலப்புப் பிரபஞ்சத்தில்தான்.