யப்பான் வாகனங்களும் வழி தெரியாத திரைகளும்

ஐந்து வருடங்களுக்குக் கிட்டிய தடைக்குப் பின்னர், 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன்பின் வடக்கின் வீதிகளிலும் புதிதாக வந்திறங்கிய கார்களைக் காண முடிகிறது. அவற்றில் கணிசமானவை யப்பானில் சில வருடங்கள் ஓடிய 'ரீகண்டிஷன்' வாகனங்கள். லீசிங் பணம், காணி விற்ற காசு, கனடாவில் இருக்கும் தம்பி அனுப்பியது என்று பல வழிகளில் திரட்டிப் பல இலட்சங்களைக் கொட்டித்தான் எமது சனங்கள் அவற்றை வாங்குகின்றனர். அந்த விலைக்குள் ஒரு பெரிய திரையும் அடக்கம். வழிகாட்டும் சட்டலைட் நவிகேஷன் அது என்று விற்பவர் சொல்வார். யாழ்ப்பாணத்துக்கு வந்த பின்னர் அது வழிகாட்டாது.

அண்மையில் நண்பர் ஒருவர் வாங்கிய காரில் கிளிநொச்சியிலிருந்து புறப்பட்டோம். சாவியைத் திருப்பியதும் ஒரு பெண்குரல் பணிவாக யப்பானிய மொழியில் ஏதோ அறிவித்தது. யப்பான் வாகனம் வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்தக் குரல் பழக்கம். அந்த நாட்டு அதிவேக வீதிகளில் கட்டணம் செலுத்தும் அட்டை செருகப்படவில்லை என்பதே அவர் நாள்தோறும் எமக்குச் சொல்லும் செய்தி. திரையில் கார் இன்னும் நாகோயாவிலேயே நின்றது. ஊரைத் தாண்டியும் அது நகரவில்லை.

இதில் பழுது எதுவும் இல்லை. அந்தக் கருவி யப்பானுக்காக மட்டும் செய்யப்பட்டது. அதற்குள் இருப்பது யப்பானின் வரைபடம் மட்டுமே. செல்லும் இடத்தின் தொலைபேசி இலக்கத்தை அழுத்தினால் அங்கே கூட்டிச் செல்லும் வசதிகூட அதில் உண்டு. அந்த நாட்டில் அது மிகவும் பயன்படும், இங்கே எதற்கும் உதவாது. வானொலியும் இதே கதைதான். யப்பானின் எப்.எம். அலைவரிசை 76 மெகாஹேட்ஸில் தொடங்குகிறது, எங்களுடையது 88 முதல் 108 வரை. ஆகவே உள்ளூர் வானொலி கேட்பதற்கே இன்னொரு சிறிய பெட்டி பொருத்த வேண்டியுள்ளது. சில மாதிரிகளில் வரைபடம் ஒரு எஸ்.டி. காட்டில் இருக்கும். அந்தக் காட் கப்பலேறும் முன்னரே காணாமல் போய்விட்டால், அல்லது பற்றரியை ஒருமுறை கழற்றி மாட்டினால், திரை இரகசிய இலக்கம் கேட்டு முழுவதுமாகப் பூட்டிக்கொள்ளும். பின்னர் அதைத் திறந்து தருவதற்கென்றே கடை தேட வேண்டும்.

காருக்குள்ளேயே பொருத்தப்பட்ட வழிகாட்டிகள் மீதான சலிப்பு எமக்கு மட்டும் உரியதல்ல. ஒரு கார் மாதிரியை வடிவமைத்துச் சந்தைக்குக் கொண்டுவரப் பல வருடங்கள் எடுக்கும். எனவே அதற்குள் வைக்கப்படும் கணினி, கார் வெளிவரும் நாளிலேயே பழையதாகிவிடுகிறது. கார் பதினைந்து வருடம் ஓடும், வரைபடமோ இரண்டு வருடத்தில் பிழைக்கத் தொடங்கும். புதுப்பிப்பதற்கு நிறுவனங்கள் அறவிட்ட தொகைக்குப் புதியதொரு கையடக்கக் கருவியே வாங்கலாம் என்று மேற்கு நாடுகளில் பலர் முறைப்பட்டார்கள். 2004 அளவில் டொம்டொம், கார்மின் போன்றவை கண்ணாடியில் ஒட்டும் சிறிய பெட்டிகளாக வந்து பரவின. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்த எம்மவர்களின் கார்களில் அவற்றின் வட்டத் தடம் கண்ணாடியில் பதிந்திருந்ததைப் பலர் நினைவுவைத்திருப்பர். 2009இல் கூகுள் தனது வழிகாட்டியை அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் இலவசமாக்கியது. அந்தப் பெட்டிகளின் காலமும் அத்தோடு சரியத் தொடங்கியது. 2022இல் அமெரிக்காவில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டபோது, அதை நம்பியிருந்த பல கார்களின் இணைய வசதிகள் ஒரேயடியாகச் செயலிழந்தன. தொலைபேசி என்றால் மாற்றிவிடலாம். காரை யார் மாற்றுவது?

ஆயினும் உள்ளமைந்த கருவிக்கும் ஒரு நியாயம் உண்டு. அது சக்கரத்தின் வேகத்தையும் திருப்பத்தையும் அளந்து, சட்டலைட் சமிக்ஞை கிடைக்காத சுரங்கப்பாதையிலும் இடத்தைக் கணிக்கும். வன்னியின் மத்தியான வெயிலில் டாஷ்போட்டில் வைத்த தொலைபேசி சூடேறி நின்றுபோவதுபோல் அது நிற்பதில்லை. வன்னியில் சுரங்கப்பாதை இல்லை, வெயில் மட்டும் தாராளமாக உண்டு.

எமது பிரதேசத்தில் இந்த விடயத்துக்கு வேறொரு கனமும் இருக்கிறது. இங்கே வீதிகள் மாறியதற்குப் போரே காரணம். ஏ-9 வீதி 2002இல் திறந்தது, 2006 ஓகஸ்ட்டில் மூடியது, போர் முடிந்த பின்னரே மீண்டும் திறந்தது. 1990இல் மூடப்பட்ட பலாலி – வசாவிளான் வீதி 2025 ஏப்ரலில்தான் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அப்போதும் காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும், இடையில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்ற நிபந்தனைகள் இருந்தன. அப்படியொரு வீதியை எந்த எஸ்.டி. காட்டில் எப்படிப் பதிவது? காலையில் இருந்த வீதி மாலையில் இருக்கவில்லை. வரைபடம் ஒன்றைக் கையில் வைத்திருப்பதே சோதனைச்சாவடியில் கேள்விக்குரியதாக இருந்த காலத்தையும், டோர்ச் பற்றரிக்கே தடை இருந்த காலத்தையும் கடந்து வந்தவர்கள் நாம். இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் வரைபடம் இருக்கிறது. அதில் எங்களுடைய ஒழுங்கைகள் இருக்கின்றனவா என்பதே இப்போது பார்க்க வேண்டியது.

1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கு விரிவாக்கப்பட்டது. மீள்குடியேறிய கிராமம் ஒன்றிலிருந்து இரவில் அழைப்பவர், கேட்பவருக்கு என்ன சொல்வார்? குளக்கட்டால் வந்து, எரிந்த பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தால் திரும்புங்கோ என்பார். உள்ளூர்ச் சாரதிக்கு அது போதும், வெளியூர்ச் சாரதிக்குப் போதாது. அவர் தொலைபேசித் திரையைப் பார்த்து வருவார். ஒழுங்கை அதில் இல்லாவிட்டால் பிரதான வீதியில் நின்று திரும்ப அழைப்பார். நெஞ்சுவலிக்காரருக்கு அந்தப் பத்து நிமிடம் பெரியது.

இங்கேதான் தொலைபேசி, காரின் திரையை வெல்கிறது. அதன் வரைபடத்தை நாமே திருத்த முடியும். கூகுளில் விடுபட்ட வீதியையும் பிழையான பெயரையும் அறிவிக்கலாம், ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். 2004இல் தொடங்கப்பட்ட ஓபன்ஸ்ட்ரீட்மெப் இன்னும் திறந்தது. கணக்கொன்றை ஆரம்பிக்கும் எவரும் நேரடியாகவே வரையலாம். ஒரே ஊருக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலப் பெயர்களைத் தனித்தனியே பதியவும் அதில் இடமுண்டு. மணலாறு என்ற பெயர் வெலிஓயாவாகிய வரலாற்றை அறிந்தவர்களுக்கு, ஒரு பெயர் வரைபடத்தில் இருப்பதும் இல்லாமற் போவதும் என்ன என்று விளக்கத் தேவையில்லை. திருத்தும் உரிமை எல்லோருக்கும் உள்ளதால், நாம் எழுதாத இடத்தில் வேறொருவர் எழுதுவார் என்பதும் உண்மை.

இன்னொரு தப்பபிப்பிராயமும் பரவலாக உள்ளது. டேற்றா இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று பலர் நினைக்கின்றனர். சட்டலைட் சமிக்ஞையைப் பெறுவதற்குத் தொலைபேசிக்குச் சிம் காட்கூடத் தேவையில்லை. வரைபடத்தைத் தரவிறக்கத்தான் இணையம் வேண்டும். கூகுளில் ஒரு மாவட்டத்தை வீட்டிலிருந்தே முன்கூட்டித் தரவிறக்கி வைக்கலாம், ஆனால் இடையிடையே புதுப்பிக்காவிட்டால் அது காலாவதியாகும். ஓஎஸ்எம்அன்ட், ஓர்கானிக் மெப்ஸ் ஆகிய செயலிகள் ஓபன்ஸ்ட்ரீட்மெப் வரைபடத்தை முழுவதுமாகத் தொலைபேசியிலேயே வைத்துக்கொள்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது நாட்டின் பல இடங்களில் வீதியும் பாலமும் தொலைத்தொடர்பும் ஒன்றாகவே அறுந்தன. அப்படியான இரவில் தரவிறக்கிய வரைபடம் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும். முன்னால் உள்ள பாலம் உடைந்துவிட்டதை அது காட்டாது, அதற்கு இன்னமும் எதிரே வரும் ட்ரக்டர்காரரை மறித்துத்தான் கேட்க வேண்டும்.

அன்று நாங்கள் மாங்குளத்துக்குக் கிழக்கே உள்ளே போக வேண்டியிருந்தது. நண்பர் திரையை அணைத்துவிட்டு, தொலைபேசியை ஏசி காற்று வரும் துவாரத்தில் கொழுவினார். சூடேறாமல் இருக்க அதுதான் வழியாம். கடைசி இரண்டு கிலோமீற்றருக்கு அதிலும் பாதை இல்லை. திரும்பி வரும்போது அவர் அந்தப் பாதையைப் பதிவு செய்துகொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து அன்றிரவே ஓபன்ஸ்ட்ரீட்மெப்பில் ஏற்றினார், ஊரின் பெயரைத் தமிழில் எழுதி.