தீயை அணைத்த பிறகுதான் வேலை

கெலுகோர் அடுக்குமாடி வீட்டில் கண்ணாடி மணி செய்ய முடியுமா என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். முடியும். நமக்கு வடக்கே, கெடாவின் சுங்கை மாஸில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாசிமணி செய்திருக்கிறார்கள். அவை அரிக்கமேட்டு மணிகளைப் போல, கண்ணாடியைக் குழலாக இழுத்து நறுக்கியவை.

வீட்டு முறை வேறு. கண்ணாடிக் குச்சியை டார்ச் தீயில் உருக்கி, களிமண் பூச்சுள்ள எஃகுக் கம்பியில் சுற்ற வேண்டும். பூச்சு இல்லையென்றால் மணி கம்பியை விட்டு வராது. கம்பியைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் மணி தானாக உருண்டை பிடிக்கும்.

வம்பு அதற்குப் பிறகுதான். மணியின் மேல்புறம் சட்டென்று ஆறிவிடும், உள்ளே சூடு நிற்கும். அந்த இழுபறி கண்ணாடிக்குள்ளேயே தங்கிவிடும். இன்று பளபளக்கும் மணி, பத்து நாள் கழித்துப் பேத்தியின் கழுத்தில் விரிசல் விடலாம். சிறிய மின்சூளையில் ஏறக்குறைய 500 பாகை செல்சியஸில் வைத்து, பிறகு மெதுவாக ஆறவிட வேண்டும். வெர்மிகுலைட் துகளில் புதைப்பது அரை வைத்தியம். சூளை விலை கையைக் கடிக்கும், உண்மைதான். ஆனால் சூளை காணாத மணியை விற்காதீர்கள் என்பேன்.

வெவ்வேறு வகைக் கண்ணாடியை ஒரே மணியில் சேர்க்காதீர்கள். சுருங்கும் அளவு மாறுபட்டால் எந்தச் சூளையும் காப்பாற்றாது. பழைய போத்தலுக்கும் இது பொருந்தும்.

தீயில் எழும் மஞ்சள் ஒளியை மட்டுப்படுத்த டிடிமியம் மூக்குக்கண்ணாடி வேண்டும். மூடிய அறை கூடவே கூடாது. அடுக்குமாடி நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுவிட்டு கேஸ் வாங்குங்கள்.