அழியாப் பொருளும் அரைமணி நேரப் பயனும்



எமது வீடுகளிற் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும் பிள்ளைகள் ஏமாறுவது வழக்கம். ஐஸ்கிறீம் பெட்டி என்று ஆவலோடு எடுத்துத் திறந்தால், உள்ளே முந்தைய நாள் மீன்குழம்பு இருக்கும். நல்ல பெட்டியொன்றை வீசிவிட மனம் வராத அன்னையரின் சிக்கனம் இது. ஆயினும், ஆண்டுவிழா நாளன்று நாம் அனைவருமே உண்டு முடித்த தட்டு, கோப்பை, கரண்டி யாவற்றையும் கறுப்புப் பைகளில் நிரப்பி, மண்டப வாசலில் அடுக்கிவிட்டு வீடு திரும்புகின்றோம். இவ்விரு பழக்கங்களில் எது அறிவுடையது என்பதைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிளாஸ்ரிக் என்ற சொல், 'உருக்கொடுக்கத் தக்கது' எனப் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் அதனை 'நெகிழி' என்கின்றோம். மணிகளைக் கோத்து மாலை கட்டுவதுபோல, சிறு மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் தொடுத்துப் பெறும் நீண்ட சங்கிலிகளே பல்பகுதியங்கள். பருத்தியும் பட்டும் இறப்பரும் இயற்கை ஆக்கிய பல்பகுதியங்கள். மனிதன் பெரும்பாலும் மசகெண்ணெயிலிருந்தும் இயற்கை வாயுவிலிருந்தும் ஆக்கியவை பிளாஸ்ரிக்கும் செயற்கை இழைகளும்.

இப்பொருள்களின் வரலாற்றில் நாம் வாழும் இங்கிலாந்துக்குப் பெரும் பங்குண்டு. 1862இல் இலண்டனில் நடைபெற்ற அனைத்துலகக் கண்காட்சியில் அலெக்சாண்டர் பாக்ஸ் என்பவர், தாவரச் செல்லுலோசிலிருந்து தாம் ஆக்கிய பொருளைக் காட்சிக்கு வைத்தார். முழுவதும் செயற்கையான முதற் பிளாஸ்ரிக்காகிய பேக்லைற்றை லியோ பேக்லண்ட் 1907இல் அமெரிக்காவிற் கண்டறிந்தார். பொலித்தீன் 1933இல் செஷயர் பகுதியிலுள்ள நோத்விச் நகரிற் பிறந்தது. எமது தந்தையர் பெருமையோடு அணிந்த 'ரெரிலீன்' சட்டையின் இழை, 1941இல் மன்செஸ்ரரிற் கண்டறியப்பட்டது. குடிநீர்ப் போத்தல் செய்யப்படுவதும் அதே பொலியெஸ்ரர் வகையினாலேயே என்பது மாணவர்களுக்கு வியப்பளிக்கலாம்.

பிளாஸ்ரிக்குகளை இரு பெரும் வகையாகப் பிரிப்பர். சூடாக்கினால் இளகி, ஆறியதும் இறுகி, மீண்டும் சூடாக்கினால் மீண்டும் இளகுவன ஒருவகை. பொலித்தீன் பை, வாளி, போத்தல் ஆகியன இவ்வகையின. ஒருமுறை வார்த்து இறுகியபின் எத்துணைச் சூடாக்கினும் இளகாதன மற்றொரு வகை. பேக்லைற்று இத்தகையது. அதனாலேயே சட்டியின் கைப்பிடிக்கும் மின்சாதனங்களின் உறைகளுக்கும் அது பயன்பட்டது. முதல்வகையை உருக்கி மீண்டும் வார்க்கலாம். இரண்டாம் வகையை அவ்வாறு செய்ய இயலாது.

இப்பொருள்கள் மனித குலத்துக்கு ஆற்றிய தொண்டினை மறுப்பது நன்றி மறத்தலாகும். தமிழ்நாட்டிற் பித்தளைக் குடமும் மண்குடமும் சுமந்த பெண்களின் இடுப்புச் சுமையைக் குறைத்தது பிளாஸ்ரிக் குடமே. பருத்தி நூல் வலை ஈரத்தில் உக்கிப் போகும் என்பதால், எமது கரையோரத்து மீனவர் அதனை ஓயாது உலர்த்திப் பேண வேண்டியிருந்தது. நைலோன் வலை அவர்களை அத்துன்பத்திலிருந்து விடுவித்தது. மருத்துவமனையிற் குருதிப் பையும் மருந்தேற்றும் குழாயும் ஊசிக்குழலும் பிளாஸ்ரிக்கே. அங்கே ஒருமுறை பயன்படுத்தி வீசுவதுதான் தொற்றைத் தடுத்து உயிரைக் காக்கின்றது.

எனினும், உக்காமை என்னும் அதே குணமே கேடாகவும் முடிகின்றது. கடலிற் கைவிடப்பட்ட நைலோன் வலை, இழுப்பார் எவருமின்றி ஆண்டுக்கணக்கில் மீனையும் ஆமையையும் சிக்கவைத்துக் கொல்கின்றது. 2021இல் கொழும்புக்கு அண்மையில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் எரிந்து அமிழ்ந்தபோது, அது ஏற்றி வந்த பிளாஸ்ரிக் மணிகள் இலங்கைக் கரைகளில் வெண்மணலோடு கலந்து குவிந்தன. 2017இல் வெளியான ஆய்வொன்றின்படி, 1950 முதல் 2015 வரை உலகில் ஏறத்தாழ 830 கோடி தொன் பிளாஸ்ரிக் ஆக்கப்பட்டது. அவற்றிற் கழிவாகியது 630 கோடி தொன். மீள்சுழற்சி பெற்றதோ அக்கழிவில் 9 சதவீதமே.

ஆகவே, பிளாஸ்ரிக் நன்றோ தீதோ என்று வாதிடுவதிற் பயனில்லை. ஒரு பொருள் எத்தனை காலம் நிலைக்கும், நமக்கு அது எத்தனை காலம் வேண்டும் என்னும் இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்பதே எமது கருத்து. பல்லாண்டு உழைக்கும் குடத்துக்கு அழியாமை அழகு. அரைமணி நேரம் சோறு தாங்கும் தட்டுக்கு அது எதற்கு?

ஐஸ்கிறீம் பெட்டிக்கு வருவோம். அன்னையரின் எண்ணம் நன்றே. ஆயினும் ஓர் எச்சரிக்கை. குளிர்ந்த உணவுக்கென ஆக்கிய பெட்டியிற் கொதிக்கும் குழம்பை ஊற்றலாகாது. மைக்ரோவேவ் அடுப்புக்கு உகந்தது என்ற குறி இல்லாத பெட்டியை அதனுள் வைக்கவும் கூடாது. அடியில் முக்கோணத்துள் உள்ள எண், பிளாஸ்ரிக்கின் வகையைக் கூறும். 1 என்ற எண்ணுடைய குடிநீர்ப் போத்தல் கொதிநீர் பட்டாலே சுருங்கிவிடும். 5 என்ற எண்ணுடைய பொலிபுரொப்பிலீன் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும். விழா மேடையில் மங்கல விளக்கேற்றும் சிறுமியரும், பட்டுப்போல மின்னும் பொலியெஸ்ரர் ஆடை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

இனி எமது விழாவுக்கு வருவோம். 2023 ஒக்ரோபர் 1 முதல், வணிக நிலையங்கள் பொதுமக்களுக்கு ஒருமுறைப் பாவனைப் பிளாஸ்ரிக் தட்டுகளை வழங்குவது இங்கிலாந்தில் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆனால், தடைக்குப் பின் நாம் செய்ததென்ன? கடதாசித் தட்டுக்கும் கடதாசிக் கோப்பைக்கும் மாறினோம். தேநீர் ஒழுகாதிருக்க அக்கோப்பைகளுட் பெரும்பாலானவற்றின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்ரிக் பூச்சு உண்டு. பொருள் மாறியது, வீசும் பழக்கம் மாறவில்லை.

வாடகை மண்டபத்திற் பாத்திரம் கழுவ வசதியில்லை என்பார்கள். குறித்த நேரத்தில் மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும் என்பார்கள். இரண்டும் உண்மையே. காலை முதல் நின்று பரிமாறிய பெற்றோரை மாலையிற் பாத்திரம் கழுவச் சொல்வது நியாயமாகாது. வாழையிலைக்கும் பனையோலைப் பெட்டிக்கும் இக்குளிர்நாட்டில் நாம் எங்கே போவது?

எளிய வழியொன்று உண்டு. அடுத்த ஆண்டு விழாவுக்கு ஒவ்வொரு குடும்பமும் தத்தமக்குரிய தட்டையும் குவளையையும் வீட்டிலிருந்து கொண்டு வரட்டும். எவர்சில்வர் ஆயினும் சரி, பழைய பிளாஸ்ரிக் தட்டாயினும் சரி. உண்டபின் துடைத்துப் பையில் இட்டு, வீட்டிற் கழுவிக்கொள்ளலாம். விருந்தினருக்கென ஐம்பது தட்டுகளைப் பாடசாலை வாங்கி வைக்கலாம்.

மாணவச் செல்வங்களே, தமிழை ஒரு தலைமுறையோடு முடிந்துவிடாமற் காக்கவே வார இறுதியில் இங்கு கூடுகின்றோம். நிலைக்க வேண்டியது எது, மறைய வேண்டியது எது என்று அறிவதும் அக்கல்வியின் ஒரு பகுதியே. அடுத்த விழாவன்று வாசலிற் கறுப்புப் பைகள் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.