வெட்டிய ஸ்பிரிங்கும் விழுந்த காரும்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் என் உறவுக்காரப் பையன் ஒருவன் பழைய டொயோட்டா கொரோலா ஒன்றை வாங்கியிருக்கிறான். அண்மையில் பதுளைக்கு அதில்தான் வந்தோம். நமுனுகுலைச் சரிவிலிருந்து இறங்கும் பாதையில், குழிக்குக் குழி காரின் அடிவயிறு கல்லில் உரசியது. பின்னிருக்கையில் நானும், மூட்டுவலிக்கு மருந்தெடுக்கப் புறப்பட்ட அவனுடைய பாட்டியும். ஏனப்பா இப்படித் தாழ்த்தி வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "ஒசந்து நின்னா நோயாளி ஏத்துற வண்டி மாதிரி இருக்கும் மாமா" என்றான். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை.

தோட்டத்துப் பையனுக்கு ஏன் இந்த ஆடம்பரம் என்று நகரத்தில் முணுமுணுக்கும் கனவான்களோடு நான் சேர மாட்டேன். துரைமாரின் கார்கள் மட்டுமே மினுங்கிச் சென்ற பாதையில், கொழுந்து பறித்தவளின் பேரன் தன் காரை அழகுபார்க்கிறான். பார்க்கட்டும். என் சண்டை அழகோடு அல்ல. ஸ்பிரிங்கை கிரைண்டரால் அறுத்துவிட்டு "இனி வளைவில் ஒட்டிக்கொண்டு ஓடும்" என்று காசு வாங்கும் கராஜ் பாஸ்மாரோடுதான்.

ஒட்டாது. ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆறு சுற்றுள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும், அவ்வளவே. ஆனால் சக்கரம் மேலெழ 75 மில்லிமீற்றர் இடமிருந்த காரை 50 மில்லிமீற்றர் தாழ்த்தினால் மிஞ்சுவது 25. அதே அதிர்ச்சியை அந்த மூன்றில் ஒரு பங்கு இடத்துக்குள் விழுங்க, ஸ்பிரிங்குக்கு ஏறத்தாழ ஒன்பது மடங்கு விறைப்பு வேண்டும்! எனவே வளைவின் நடுவே சிறு மேடு வந்தாலும் தடுப்பு ரப்பரில் முட்டுகிறது. டயர் பிடியை இழக்கிறது. அந்தப் பக்கம் பள்ளம்.

இன்னொன்றைப் பல பாஸ்மார் அறிய மாட்டார்கள். இவ்வகைக் கார்களில் முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை, காரைத் தாழ்த்தும்போது தலைகீழாகச் சாய்ந்துவிடுகிறது. வளைவில் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சரிகிறதோ அந்தப் புள்ளி, காரைவிட அதிகமாகக் கீழே போகிறது. தாழ்ந்த கார் குறைவாகத்தான் சரியும் என்ற நம்பிக்கை அங்கே பொய்த்துப்போகிறது.

நல்ல ஓட்டம் வேண்டுமென்றால் டயரைத் தரையில் வைத்திருக்க வேண்டும். 1962இல் வந்த லோட்டஸ் எலான் மென்மையான ஸ்பிரிங்குகளோடுதான் உலகப் புகழ் பெற்றது. நம் மாகாணத்திலேயே, தியத்தலாவை பொக்ஸ் ஹில் தடத்தைப் பார்த்தவர்களுக்கு, மண்ணில் ஓடும் காருக்குச் சக்கரம் ஏறி இறங்க எவ்வளவு இடம் வேண்டுமென்று தெரியும். (2024 ஏப்ரல் 21 அன்று அங்கே கார் பாய்ந்து ஏழு பேர் மாண்டதையும் மறக்கவில்லை.) கட்டாயம் தாழ்த்தியே ஆகவேண்டுமென்றால் 25 மில்லிமீற்றரோடு நிறுத்துங்கள், அதற்கென்றே செய்த ஸ்பிரிங்கும் அதற்கு இணையான ஷொக் அப்சோபரும் போடுங்கள், வீல் எலைன்மன்ட் பாருங்கள். காசு போதாதா? நல்ல டயர் நான்கு வாங்குங்கள். உயரத்தில் கை வைக்காதீர்கள்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த மேலதிக அலங்காரங்களைப் பொலிஸார் கழற்றுவித்தார்கள். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைச் சான்றிதழும் கேட்கிறார்கள். புகையை அளக்கிறார்கள், பூமாலையை எண்ணுகிறார்கள். அறுபட்ட ஸ்பிரிங்கைக் குனிந்து பார்க்க யாருக்கும் இடுப்பு வளையவில்லை.

பாதையைத் திருத்தாமல் பையனைத் திட்டுவதா என்பீர்கள். பாதைக்காக எழுதி எழுதியே என் தலை நரைத்தது. பாதை செப்பனிடப்படும்வரை, நள்ளிரவில் லயத்தில் ஒருத்திக்கு வலி கண்டால் கதவைத் தட்டுவது கார் வைத்திருப்பவனின் வீட்டைத்தான். தோட்டத்தில் எல்லாக் காரும் நோயாளி ஏற்றும் வண்டிதான், தம்பி.

இதை அவனிடம் சொன்னேன். பழைய ஸ்பிரிங் எங்கே என்றும் கேட்டேன். அதைத்தானே வெட்டிப் பூட்டியிருக்கிறார்கள். வெட்டிய துண்டுகள் கராஜின் பின்புறம் கிடக்கின்றனவாம்.