ஒரே வேலை, இரண்டு சம்பளம்: இடைநிலை ஆசிரியர்களுக்கு நீதி எப்போது?

தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒரே படிப்புப் படித்து, ஒரே பதவியில், ஒரே வேலையைச் செய்யும் இடைநிலை ஆசிரியர்களுக்கு இரண்டு விதமான சம்பளம் வழங்கப்படுகிறது. ஆறாவது ஊதியக் குழுவின்படி, 2009 மே 31 வரை பணியில் சேர்ந்தவர்களுக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு மறுநாள் முதல் சேர்ந்தவர்களுக்கு 5,200 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரே நாள் இடைவெளியில் 3,170 ரூபாய் வித்தியாசம்!

ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தியபோது, பணியில் இருந்தவர்களின் பழைய அடிப்படை ஊதியமான 4,500 ரூபாயை 1.86 ஆல் பெருக்கிப் புதிய ஊதியம் நிர்ணயித்தார்கள். புதியவர்களுக்கோ ஊதிய விகிதத்தின் ஆரம்பத் தொகை மட்டுமே கிடைத்தது. அகவிலைப்படியும் அடுத்த ஊதிய உயர்வும் அடிப்படை ஊதியத்தை வைத்தே கணக்கிடப்படுவதால், இந்த இடைவெளி ஆண்டுதோறும் விரிந்துகொண்டே போனது.

மூத்தவர்கள் கூடுதலாகப் பெறுவதை நாம் குறை கூறவில்லை. அனுபவத்துக்காகத்தான் ஆண்டு ஊதிய உயர்வு இருக்கிறது. ஆனால் இங்கே இளையவரின் தொடக்கமே தாழ்த்தப்பட்டிருக்கிறது. 2012-க்குப் பிறகு வந்தவர்கள் ஆசிரியர் தகுதித் தேர்வையும் கூடுதலாக எழுதி வென்றவர்கள் என்பது வேதனையான முரண்.

சம வேலைக்குச் சம ஊதியம் என்கிறது அரசியல் சாசனத்தின் 39(ஈ) பிரிவு. தற்காலிக ஊழியர்களுக்கும் இது பொருந்தும் என 2016-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியிருக்க, நிரந்தர ஆசிரியர்களுக்கு ஏன் மறுக்க வேண்டும்? 2018-ல் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2021 தேர்தலில் திமுக வாக்குறுதி அளித்தது. 2023 ஜனவரியில் மூவர் குழு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆசிரியர்கள் மீண்டும் போராட வேண்டியதாயிற்று.

நிதிச்சுமை என்பது அரசின் வாதம். சுமை உண்மைதான். ஆனால் அதை ஒரு தரப்பின் தலையில் மட்டும் ஏற்றுவது நீதியல்ல. பிறரிடம் வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்களைத் திருக்குர்ஆனின் 83-வது அத்தியாயம் கடுமையாக எச்சரிக்கிறது. முழு வேலையை வாங்கிக்கொண்டு ஊதியத்தைக் குறைப்பதும் அளவு மோசடிதானே?

நம் சமுதாயத்தின் ஏழைப் பிள்ளைகள் உட்பட லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பவர்கள் இவர்கள். ஒரே தவணையில் முடியாவிட்டால் படிப்படியாகவேனும் இந்த இடைவெளியை அரசு அடைக்க வேண்டும். அதற்குத் தேவை இன்னொரு குழு அல்ல, தேதி குறிப்பிட்ட ஓர் அரசாணை.