வில்லுக்கு மாலை நேரம் வேண்டும்: கொடைவிழா நிகழ்ச்சி நிரல் குறித்து எங்கள் நிலைப்பாடு

பங்குனி பிறந்தால் நாஞ்சில் நாட்டில் கொடைக் காலம். சித்திரை, ஆடி, ஆவணி என்று அது ஓடும். இசக்கியம்மன், முத்தாரம்மன், சுடலைமாடன் கோயில்களுக்கு எங்கள் வில்லிசைக் குழுக்கள் செவ்வாயும் வெள்ளியுமாக ஊர் ஊராகப் போய்வருகின்றன. ஏழெட்டுப் பேர், ஒரு வேன், துணி சுற்றிய வில், மடியில் வைத்துக் காக்க வேண்டிய குடம். வரும் பருவத்துக்குத் தேதி குறிக்கும் கமிட்டிகளுக்கும், அனுமதி தரும் அதிகாரிகளுக்கும், எங்கள் கலைஞர்களுக்கும் எங்கள் வில்லிசைக் கலைஞர் சங்கத்தின் முடிவைத் தெரிவிக்கிறோம்.

இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கேட்டு நாங்கள் யாரிடமும் மன்றாடப் போவதில்லை. பத்து மணிக்கு முந்தைய நேரத்தைத்தான் முதலில் கேட்கிறோம்.

போன ஆண்டு ஓர் ஊரில் நடந்தது இது. மாலை ஆறரைக்கு மேடை இன்னிசைக் குழுவுக்கு. அது முடிந்து பரிசளிப்பு, அதன் பிறகு பேச்சு. வில்லை மேடையில் ஏற்றும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. பாடியது நீலி கதை. கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நீலி வழக்காடும் கட்டம். முன்வரிசைப் பாட்டிமார் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள். மணி பத்தானதும் போலீஸ்காரர் சொல்லி மைக்செட்காரர் வந்து, பாடிக்கொண்டிருந்த புலவர் அம்மாவின் காதில் ஏதோ சொன்னார், ஒயர் பிடுங்கப்பட்டது. வீசுகோலைக் கீழே வைத்துவிட்டு, வில்லில் ஆடிக்கொண்டிருந்த மணிகளை அந்த அம்மா இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார். நீலிக்கு நியாயம் சொல்ல யாருமில்லாமல் கதை நின்றது. அங்கே போலீஸ்காரர் செய்தது அவர் கடமை. நேரத்தைத் தின்றது நிகழ்ச்சி நிரல்.

சினிமாப் பாட்டுக் கச்சேரியை எந்தப் பாட்டோடும் முடிக்கலாம். கொடையில் பாடும் கதை அப்படியல்ல. சாமி பிறந்து, வளர்ந்து, வரம் வாங்கி, படுகளம் வரை போக வேண்டும். வரத்துப் பாடும்போதுதான் சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வரும். நடுச்சாமக் கொடைக்கு முன் கதை உரிய இடத்துக்கு வராவிட்டால் வழிபாடே முறிகிறது. "டிவியில் ஒரு மணி நேரத்தில் முடிக்கிறார்களே" என்று சில கமிட்டிகள் கேட்கின்றன. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும், அவர் வழியில் சுப்பு ஆறுமுகமும் வில்லைச் சென்னை மேடைக்குக் கொண்டுபோனார்கள். அது பெருமை. அந்த மேடைக்கு அந்தச் சுருக்கம் பொருந்தும். கோயில் முற்றத்துக்குப் பொருந்தாது.

ஆகவே கொடை நாளில் மாலை ஆறு முதல் பத்து வரை வில்லிசைக்கு விடுங்கள். இன்னிசையும் சிங்காரி மேளமும் குடியழைப்பு நாளிலோ மறுநாளிலோ இருக்கட்டும். அவர்களும் பிழைக்க வந்த கலைஞர்கள்தான். அவர்களோடு எங்களுக்குப் பகை இல்லை.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. 2005-இல் உச்ச நீதிமன்றம் கொட்டுமேளத்தையும் அந்தத் தடைக்குள் கொண்டுவந்தது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கும், காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கும் தூக்கம் வேண்டும்; இந்தச் சட்டத்தை நாங்கள் மதிக்கிறோம். அதே விதிகளில், பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு மொத்தம் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்வு தர இடமுண்டு. கொடையோ ஊருக்கு ஊர் வேறு நாளில் வருகிறது. மாவட்டம் முழுமைக்கும் ஒரே தேதியைக் குறித்தால் யாருக்கும் பயனில்லை. ஒவ்வொரு ஊருக்கும் அதன் நடுச்சாமக் கொடை இரவு ஒன்றை மட்டும், கூம்புக்குழாயும் பாக்ஸும் இன்றி, வில், குடம், உடுக்கை, தாளத்தோடு 12 மணி வரை அனுமதிக்கும்படி அரசைக் கேட்கிறோம். மைக் வராத காலத்தில் இந்த ஊர்கள் அப்படித்தான் கதை கேட்டன.

எங்கள் பக்கத்துத் தவறும் உண்டு. செவ்வாய், வெள்ளியிலேயே எல்லாக் கொடையும் குவிவதால் சில குழுக்கள் ஒரே நாளில் இரண்டு ஊருக்கு அச்சாரம் வாங்குகின்றன. ஓர் ஊரில் அவசரமாகக் கதையைச் சுருட்டிவிட்டு அடுத்த ஊருக்கு வேனில் பறக்கிறார்கள். இரு ஊருக்கும் அரைக் கதைதான் கிடைக்கிறது. இனி ஒரு நாளுக்கு ஓர் ஊர். மீறும் குழுவுக்குச் சங்கம் பரிந்து பேசாது.

சம்பளத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். கமிட்டி தாமதமாக மேடை தந்து, பத்து மணிக்கு நிகழ்ச்சி நின்றால், பேசிய தொகை முழுவதும் தர வேண்டும். பூங்கனியைப் போன்ற பெண் புலவர்களைத் தந்த மாவட்டம் இது. இன்றும் பல குழுக்களில் வீசுகோல் பெண்கள் கையில்தான் இருக்கிறது. அவர்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் கழிவறையும் தராத ஊருக்குக் குழு அனுப்ப மாட்டோம். கோயிலின் பின்புறம் சேலையைத் திரையாகப் பிடித்து உடை மாற்றிய காலம் போதும்.

எங்கள் குழுத் தலைவர்களுக்கு ஒன்று: கமிட்டிக்காரர்கள் தட்டத்தில் வெற்றிலை பாக்கோடு வந்து அழைக்கும்போது நேரத்தையும் தொகையையும் ஒரு தாளில் எழுதி இரு பக்கமும் கையெழுத்திடுங்கள். 'வில்லிசை மாலை 6 மணி' என்று கொடை நோட்டீஸில் அச்சாகி வந்த பிறகு வேன் பேசுங்கள்.